பாட்டுக் கேட்ட நெல்

பாகூர் பஸ்ஸில் டிரைவர் பழைய பாட்டு ஒன்றை அலறவிட்டார். எனக்கு உடனே எரிச்சல் வந்தது. சோரியாங்குப்பத்து வயலில், பனி படாமல் பாலிதீன் பையில் சுற்றி அப்பா வேப்பங்கிளையில் மாட்டிவைத்த ரேடியோவும் இப்படித்தான் கரகரக்கும்.

பாட்டுக் கேட்டால் நெல் கூடுதலாக விளையும் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அது பொய் என்று ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் காட்டிவிடத் துடித்தேன்.

"பாதி வயலுக்கு மட்டும் பாட்டு வைப்பா. மீதிக்கு வேணாம். அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றேன் அப்பாவிடம்.

"அந்தப் பாதி இன்னா பாவம்டி பண்ணிச்சி?"

இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். பிறகுதான் ரேடியோவைக் கிழக்கு வரப்புக்கு மாற்றி, சத்தத்தைக் குறைத்தார்.

அறுவடையில் கிழக்கே ஒன்பது மூட்டை, மேற்கேயும் ஒன்பது. களத்திலேயே துள்ளிக் குதித்தேன்.

"பாத்தியா, மேக்கால பக்கமும் பாட்டு கேட்டிருக்கு!" என்றார் அப்பா, என்னைவிடச் சந்தோஷமாக.

"அங்க நின்னா எனக்கே கேக்கலியேப்பா!"

"நீ இன்னா நெல்லா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோட்டில் 'முடிவு' என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல், கண்காட்சிக்கே போகவில்லை.

இன்று விதை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா சொன்னது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரை ஒப்புக்கொள்ள வைக்க, அந்தப் பாட்டு எட்டாத இன்னொரு வயல் வேண்டும். எங்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.