தலைகீழாக மிதந்த குடைக்கோரை

பச்சைத் தண்டு நசுங்கிய வாசனை கையில் ஏறிவிட்டால் சோப்பு போட்டாலும் லேசில் போகாது… அந்த வாசனையோடுதான் நான் என் வாழ்நாளின் பெரிய முட்டாள்தனத்தைச் செய்து முடித்துவிட்டு, பெருமையாக நிமிர்ந்து நின்றேன்!

எழுபதுகளின் நடுவில், ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். மூன்று வருஷம் களைவெட்டில் கிடந்த என்னை, மேனேஜர் பங்களா தோட்டத்துக்குச் சிபாரிசு செய்து கூட்டிப்போனவள் பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மாக்கா. என்னைவிட நாலு வயசுதான் மூப்பு. சரிவில் வழுக்கி விழுந்து முட்டி போனதால் அவளால் மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. பங்களா வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குடைக்கோரை நின்றது. மேனேஜர் மனைவியான துரைசாணி பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இடுப்பு உயரத் தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி இலைகள்.

துரைசாணி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அக்காவுக்கு ஒருநாள் காய்ச்சல், வரவில்லை. நான் தனியாக நின்றேன். கண்ணெதிரே கோரை, எனக்குத் தெரிந்து வெறும் களை!

களைவெட்டில் கங்காணி சொல்லிச் சொல்லிப் பழகிய கை… வேரோடு பிடுங்கு, மண்ணை உதறு, கிழங்கை வெட்டி வெயிலில் காயப்போடு. ஒன்று விடாமல் செய்தேன். தண்டுகளைச் சில்வர் ஓக் மர நிழலில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அக்கா வந்து பார்த்தாள்.

"ஏட்டி பாவி மட்ட! என்ன காரியம் பண்ணிருக்க?"

"கோரதானக்கா…"

"கோரதான். தொரசாணியம்மா புள்ள மாதிரி வளத்த கோர!"

கிழங்கெல்லாம் சுக்காகக் காய்ந்திருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிழலில் கிடந்த குப்பையைக் கிளறினாள். பச்சை மாறாத குடைகளாகப் பொறுக்கி, இரண்டு விரல் தண்டு விட்டு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்துத் தொட்டியில் தலைகீழாக மிதக்கவிட்டாள். மொத்தம் பதினொன்று.

"காத்துல சாஞ்சு தண்ணியில முட்டுன குடையில வேரு விட்டத நான் பாத்திருக்கேன். பாப்பம்."

பத்து நாள் ஒன்றுமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில், குடையின் நடுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்… பக்கத்திலேயே ஊசி முனையளவு பச்சைத் துளிர்! அக்காவைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

துரைசாணி வந்தார். மொட்டையாகக் கிடந்த தொட்டி ஓரத்தைப் பார்த்து முகம் சிவந்தது. அக்கா என் பெயரை எடுக்கவே இல்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. ஆனா உயிர் இருக்கு. அத ஒருதரம் பாத்துட்டு என்னைய அனுப்புங்க."

"நாந்தாம்மா பிடுங்குனேன்" என்று நான் முன்னால் போய் நின்றேன்.

துரைசாணி குனிந்து ஒரு குடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்லம்மா… இப்படி முளைக்கும்னு எனக்கே தெரியாதே! சரி, நட்டு வை. இவளைத் தனியா மட்டும் விடாதே."

இப்போது தென்காசியில் என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு குடைக்கோரை. நர்சரியில் இங்கிலீஷ் பெயர் ஒட்டி விற்கிறார்கள். தலைகீழாக மிதக்கவிடும் வித்தையை யூடியூபில் ஒரு தம்பி பெரிய ரகசியம்போலச் சொல்கிறார். எங்கள் அக்கா யாரிடமும் கேட்காமல், தொட்டியைப் பார்த்தே கண்டுபிடித்தாள். என்ன கண்ணு அவளுக்கு!

அக்கா இன்னும் ஏலப்பாறையில்தான். வாரம் ஒரு போன் வரும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

"ஏட்டி, கோர நிக்குதா… பிடுங்கிட்டியா?"