டீச்சர் வீட்டு ஓடும் மஸ்கட் ஷீட்டும்

ஓட்டு வேலைக்காரனை வெயில் நாளில் எவனும் தேட மாட்டான்; முதல் சொட்டு சோற்றுத் தட்டில் விழுந்த பிறகுதான் அவன் போன் அடிக்கும். கட்டிலை இழுத்துப் போட்டு, சொட்டுக்கு நேரே சருவப் பாத்திரத்தை வைத்துத் தூங்கிப் பழகிய என் சொந்தங்களே, இது உங்களுக்காக.

மஸ்கட்டிலிருந்து உத்தரவு

நெய்யூர் பக்கம் ரோஸ்லெட் டீச்சர் வீடு. ரிட்டயர் ஆனபிறகு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். மூன்று வருசமாக அந்த அறைதான் ஒழுகுகிறது. கூரையைப் பார்க்க நான் போனபோது, மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஜெபின் வீடியோ காலில் வந்தான். "அண்ணே, ஓடெல்லாம் பிரிச்சுத் தள்ளுங்க. தகர ஷீட்டு போட்டா முடிஞ்சு" என்றான். டீச்சர் முகம் வாடிவிட்டது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழைக்காலம் முழுக்க டியூஷன் அம்போ!

மேலே ஏறி, ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்களை ஒவ்வொன்றாக ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். இரண்டில் மட்டும் செதல் அரித்திருந்தது. மற்றதெல்லாம் நல்ல தேக்கு, கல்லு மாதிரி இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "பழுது பாத்தா போதும். ஆனி மழைக்கு ஒரு சொட்டு உள்ள விழுந்தா நானே பிரிச்சு ஷீட்டு போட்டுத் தாறேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

ஜெபின் சிரித்தான். "சரி அண்ணே. ஷீட்டு என்ன கலருன்னு மட்டும் இப்பமே யோசிச்சு வையுங்க."

கள்ளன் பிடிபட்டான்

உடைந்த ஓடு ஆறுதான். மாற்றினோம். குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், உடையாத ஓடுகளுக்கு இடையில் ஒழுகுகிறது! ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சில ஓட்டின் அடியில் வட்ட முத்திரை, சிலதில் பூ முத்திரை. வேறு வேறு கம்பெனி ஓடு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் விளிம்பு சரியாக உட்காராது. காற்றோடு அடிக்கிற மழை அந்த இடுக்கில் நுழைந்துவிடும்.

மூன்று வருசம் முன்பு தேங்காய் விழுந்து உடைந்தபோது இந்தப் பூ முத்திரையைச் செருகின புண்ணியவான் யார்? சாட்சாத் நானேதான். கிடைத்ததை வாங்கி, அடியைக்கூடப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கூட்டாளி செல்லப்பன், முகட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே மக்கா, ஊரெல்லாம் கள்ளனைத் தேடி, கடைசில உனக்க வீட்டுக் கதவைத் தட்டிட்டியே!"

டீச்சர் போட்ட மார்க்

இறங்கி வந்து உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, ஷீட்டுதான் வேண்டுமென்றால் போட்டுவிடலாம் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி என்னைப் பார்த்தார். நாலாம் வகுப்பில் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "கணக்கு தப்பானா அழிச்சுட்டுத் திரும்பப் போடணும் மேஸ்திரி. அதுக்கு சிலேட்டையா ஒடைப்பாவ?"

ஆனி மழை

மொத்த ஓட்டையும் இறக்கினோம். செதல் அரித்த இரண்டு கழுக்கோலையும் ஆசாரி மாற்றினார். வட்ட முத்திரை இரண்டு சரிவுக்கும் போதவில்லை; அந்த ஓடு இப்போது கிடைப்பதுமில்லை. அதனால் மழை நேராக அடிக்கும் மேற்குச் சரிவு முழுக்க வட்ட முத்திரை, கிழக்கே முழுக்கப் பூ முத்திரை. போதாமல் போன பூ ஓடுகளைக் களியக்காவிளையில் ஒரு வீடு பிரித்த இடத்தில் வாங்கினேன், ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத்தான்!

ஆனி மாதம் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டீச்சர் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது: ஏழெட்டு அம்பத்தாறு! உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தரையைத் தடவினேன், ஈரமே இல்லை. பிள்ளைகள் முன்னால் கையைத் தூக்கி ஒரு ஆட்டம் போட்டேன், அப்படி ஒரு சந்தோசம்.

டீச்சர் உடனே மகனைக் கூப்பிட்டார். அவன் மூலைக்கு மூலை போனைத் திருப்பச் சொல்லி நோட்டம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணே... இங்க எனக்க ரூம்ல ஏசி ஒழுகுது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்களேன்."

இருபது வருசமாக நான் ஓட்டைத்தான் பழுது பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாதி நாள் நான் பழுது பார்ப்பது, கூரையில் ஏறியே பார்க்காதவர்கள் எடுத்து வைத்திருக்கும் முடிவுகளை.