கப்பல் பலகையில் என் அட்டை

எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மகள், இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றும் சின்ன சொகுசுக் கப்பலில் எங்களை அனுப்பி வைத்தாள். சென்னைப் புறநகர் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டாத எனக்கு எல்லாமே அதிசயம். தீவில் இறங்கும்போது கப்பல் வாசலில் இருக்கும் பலகையில் அவரவர் எண் அட்டையைத் திருப்ப வேண்டும். வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். எல்லா அட்டையும் திரும்பிவிட்டால் கப்பல் கிளம்பிவிடும்.

ஒரு தீவில் ராட்சத உடும்புகளைப் பார்த்தோம். அடுத்த தீவில் சிவன் கோவில்! எனக்கு மெய்சிலிர்த்தது. "நீங்க முன்னாடி போங்க, பதினோரு சுத்து சுத்திட்டு கடைசி படகுல வர்றேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

சுற்றி முடித்துக் கரைக்கு வந்தால் படகைக் காணோம். தூரத்தில் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. "ஈஸ்வரா!" என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, கப்பலில் காபி நேரம். நான் வராததைப் பார்த்து கணவர் ஊழியர்களிடம் விசாரித்திருக்கிறார். "உங்க அட்டை ரெண்டும் திரும்பியிருக்கே" என்றார்களாம். "அய்யோ, ரெண்டையும் திருப்பினது நான்தான் சார்!" என்று அலறியிருக்கிறார். உடனே படகு திரும்பி வந்தது.

"என் அட்டையை நீங்க ஏன் திருப்புனீங்க?"

"வீட்டுல எல்லாத்துக்கும் உனக்கும் சேர்த்து நான்தானே போறேன்? அதே பழக்கம்டி!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போது பேங்க், ரேஷன் எல்லாவற்றுக்கும் நானே போகிறேன். சிங்கப்பெருமாள் கோவிலில் அவரும், நான் சுற்றி முடித்து வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டுகிறார்.