பனியன் பெட்டியில் என் மகள்

சிவகாசியிலிருந்து புது அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று நான் அயன் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். கட்டைப் பிரித்த பேக்கிங் பெண்களிடமிருந்து ஒரே சத்தம்.

"மாஸ்டர், இங்க ஓடியாங்க. உங்க பாப்பா!"

அயன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனேன். பெட்டியின் மேல் மூடியில் என் மகள் இருந்தாள். ஐந்தாறு நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: 'நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஏழைக் குழந்தையின் கையில் ஒரு நோட்டு.'

அந்த வரியை அன்றே படித்தேன். ஆனால் மனதில் ஒட்டவில்லை. கண் படத்திலேயே இருந்தது. கட்டு கட்டாக, அடுக்கு அடுக்காக, எங்கே பார்த்தாலும் அவள் சிரிப்பு. அதற்கு முன் அவளை ஸ்டுடியோவுக்குக்கூட நாங்கள் கூட்டிப் போனதில்லை.

எங்கள் கம்பெனி சின்னது. மங்கலம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே கட்டடம். குழந்தைகள் பனியன் மட்டும் தைத்து மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் கடைகளுக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் அனுப்புவோம். எக்ஸ்போர்ட் கிடையாது. முதலாளி ஒரு காலத்தில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர். சின்ன வயதில் எழுத நோட்டு இல்லாமல் படிப்பை விட்டதாக அடிக்கடி சொல்வார். அதனால்தான் ஒரு பெட்டி விற்றால் ஒரு நோட்டு என்று ஆரம்பித்தார். விளம்பரத்துக்காக மட்டும் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தின ஜூன் மாதம் என் மகள் படிக்கிற முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மேடை போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் கையாலேயே கொடுத்தார். அப்போது போட்டோ பிடித்தவர் எடுத்ததில் நன்றாகச் சிரித்த பிள்ளை எது என்று பார்த்து ஒன்றை எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. நானும் போய்ச் சொல்லவில்லை. எனக்குப் பெரிய ஆட்கள் முன்னால் போய் நின்று பேச வராது. அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து 'சரிங்க', 'ஆச்சுங்க' என்ற இரண்டு சொல்லிலேயே காலத்தை ஓட்டியவன் நான்.

அன்று சாயந்தரம் ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அதைத் துடைத்து டிவி மேல் வைத்தாள். மகள் கண்ணாடி முன்னால் நின்று, பெட்டியில் இருப்பது மாதிரியே சிரித்துப் பார்த்தாள். ஆனால் அதற்குள் முன்பல் முளைத்திருந்தது.

பங்குனிப் பொங்கலுக்குச் சாத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனோம். வானம் பார்த்த பூமியை விட்டுத் திருப்பூருக்கு வந்தவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவை போகும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போவேன். அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுத்துப் போவேன். மாஸ்டராக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அயன் மாஸ்டர் என்று சொன்னதில்லை.

கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் உள்ளே போய் எங்கள் கம்பெனிப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சாத்தூர்க் கடையில் மகனுக்குப் பனியன் வாங்கினாராம்.

"ஏ மாப்ள, திருப்பூர்ல மாஸ்டருன்னு சொன்ன. இங்க பாத்தா ஊரே சேந்துல்ல ஒம் பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் குடுக்குது?"

எல்லோரும் பெட்டியைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அந்தச் சிவப்பு வரியைச் சத்தமாக வாசித்தார்.

"மாமா, எனக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும்தான் குடுத்தாங்க" என்றாள் என் மகள்.

"அப்பிடியா தாயி? சரி, எம் பங்குக்கும் ஒரு நோட்டு ஆச்சு. நல்லாப் படி" என்றார் மச்சான். அவ்வளவு பேரும் சிரித்தார்கள்.

"பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது?" என்று அக்கா அதட்டினாள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் பேசுவார்களே என்று சிரித்தேன். என் மகள் என் வாயையே பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், தாராபுரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, அந்தப் பொட்டில இருந்து எம் படத்த எடுத்துரச் சொல்றியா?"

"ஏன் கண்ணு?"

"எங்க கிளாஸ்ல யாரும் எம் பேரச் சொல்ல மாட்டேங்கறாங்க. ஏழப்பாப்பான்னுதான் கூப்புடுறாங்க. ஜூன்ல நோட்டுக் குடுக்க வருவாங்கல்ல, அப்பவும் மேடைக்குக் கூப்புட்டா நான் போக மாட்டேன். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்."

பெட்டி வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் இதை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். என் பிள்ளைதானே.

"மொதலாளிகிட்டச் சொல்லிர்றேன்" என்றேன்.

"நான் வந்து சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"நானே சொல்றேன்."

அதற்கப்புறம் தினமும் ஆபீஸ் அறைப் பக்கம் போவேன். கண்ணாடிக் கதவு. உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். நான் தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி கேனில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு அயன் டேபிளுக்குத் திரும்புவேன். வீட்டுக்குப் போனதும் மகள் என் முகத்தைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள்.

ஒரு நாள் அவரே கதவைத் திறந்து கேட்டார். "ஏனுங்க மாஸ்டர், தெனமும் வந்து தண்ணி குடிச்சுட்டு நின்னு பாத்துட்டுப் போறீங்க. ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

"பொட்டில பாப்பா படம்ங்க…"

"எந்தப் பாப்பாங்க?"

"மூடியில இருக்கறதுங்க. அது எம் பொண்ணுங்க."

அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை குனிந்துவிடும். "அட! உங்க பொண்ணுங்களா? இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே!" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். யாருக்கோ போன் போட்டு, "நம்ம பெட்டில இருக்கற பாப்பா நம்ம அயன் மாஸ்டர் பொண்ணுங்களாமா" என்றார். அலமாரியைத் திறந்து ஒரு கட்டு நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் எடுத்து என் கையில் வைத்தார். "இதுக்குப் போயி கூச்சப்பட்டுட்டு நின்னீங்களா? பாப்பா படிப்புக்கு என்ன வேணும்னாலும் என்னயக் கேளுங்க."

நான் "சரிங்க" என்றேன்.

அந்தக் கட்டைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகள் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொன்னியாப்பா?"

"சொன்னேன்."

"எடுத்துருவாங்களா?"

"ம்."

அந்த 'ம்' எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. மனைவி தட்டைக் கீழே வைத்த சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. மகள் நம்பிவிட்டாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் கரண்ட் கட் அதிகம். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், அயனும் ஆறிவிடும். சும்மா உட்கார முடியாமல் நான் பேக்கிங் பெஞ்சுக்குப் போய் ஸ்டிக்கர் ஒட்டுவேன். எல்லா சைஸுக்கும் ஒரே பெட்டிதான். சைஸும் விலையும் போட்ட ஸ்டிக்கரைக் கையால்தான் ஒட்ட வேண்டும். மூடியின் ஓரத்தில் அதற்கென்று ஒரு வெள்ளைக் கட்டம் அச்சடித்திருக்கும்.

ஒரு நாள் கட்டத்தை விட்டுவிட்டு ஸ்டிக்கரை மகள் முகத்தின் மேல் ஒட்டினேன். சரியாக மறைத்தது. கழுத்துக்குக் கீழே நோட்டுகளும் கையும் மட்டும் தெரிந்தன. இனி அது யார் பிள்ளையோ. எனக்கு மூச்சு இலேசானது மாதிரி இருந்தது. அடுத்த பெட்டியை எடுத்தேன்.

"என்னங்க மாஸ்டர், பாப்பா மூஞ்சிலயே ஒட்டறீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"திருஷ்டி பட்டுரும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அதிலிருந்து ஸ்டிக்கர் வேலை முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன். கரண்ட் இருக்கும் நாளிலும் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒட்டிவிட்டுப் போவேன். வீட்டிலும் பெருமையாகச் சொன்னேன், இப்போதெல்லாம் ஸ்டிக்கர் நான்தான் ஒட்டுகிறேன் என்று. மிச்சம் விழுந்த ஸ்டிக்கர்களை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பொம்மையின் நெற்றியில் ஒட்டி விளையாடினாள்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம், செருப்பு வாங்க அவளைச் சைக்கிளில் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். செருப்பு வாங்கித் திரும்பும்போது ஒரு பனியன் கடை வாசலில் எங்கள் பெட்டிகள் மூடி வெளியே தெரிய ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளினேன். அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, எடுக்கவே இல்ல. இங்க பாரு, எம் மூஞ்சி மேல வெலைய ஒட்டி வச்சிருக்காங்க."

அப்போதுதான் நானும் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டும்போது அது எனக்கு ஒரு மூடி. அங்கே, அடுக்கில், மேலிருந்து கீழ் வரைக்கும் என் மகளின் தலை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ரூபாயும் சைஸும்.

அவள் ஒரு பெட்டியில் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். அது பிய்ந்து வரும்போது படத்தின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. கீழே வெள்ளை அட்டைதான் இருந்தது.

கடைக்கார பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா, பிய்க்காதம்மா. வெல இல்லேன்னா யாரு வாங்குவாங்க?" கோபமாகச் சொல்லவில்லை. முகம் இல்லாததால் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. நான் வேண்டி ஒட்டியது அதற்குத்தானே.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் நீதான ஒட்டற?"

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"சொல்லிட்டேன்னு சொன்னியே."

அவள் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள். எப்போதும் என் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்று கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டில் இறங்கித் தள்ளும்போதுதான் அதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் கேன் பக்கம் போகாமல் நேராகக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

"பாப்பா படத்த எடுத்துருங்க. அவள எல்லாரும் ஏழப்பாப்பான்னு கூப்புடுறாங்களாம். நோட்டுக் குடுக்கற அன்னைக்கு மேடைக்கும் கூப்புட வேண்டாம்ங்க."

அவர் கையில் இருந்த போனை மேஜையில் வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே. நான் உங்களுக்குப் பெருமைன்னுல்ல நெனச்சுட்டேன்." அப்புறம், "அடுத்த பிரிண்டுல மாத்திப்போடலாமுங்க. இருக்கற பெட்டி மட்டும் போயிரட்டுங்களா?" என்றார்.

"சரிங்க."

இவ்வளவுதான். இதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஜூனில் மேடை இருந்தது, மகளை மட்டும் கூப்பிடவில்லை. அவளுக்கான நோட்டுகளை வகுப்பில் டீச்சரிடம் வாங்கி வந்தாள். நோட்டின் பின்பக்கம் கம்பெனி பெயர் இருந்தது. அம்மாவிடம் பிரவுன் பேப்பர் கேட்டு வாங்கி, எல்லா நோட்டுக்கும் அவளே அட்டை போட்டாள். ஓரம் மடிக்க உதவப் போனேன். "நானே பண்ணிக்கறேன்ப்பா" என்றாள்.

பழைய பெட்டிகள் தீரும் வரை ஸ்டிக்கரை வெள்ளைக் கட்டத்தில்தான் ஒட்டினேன். பிறகு புதுப் பெட்டிகள் வந்தன. அதே நோட்டுகள், அதே சிவப்பு வரி. சிரித்துக்கொண்டிருந்தது வேறொரு பெண் குழந்தை. "இது யாரு புள்ளைன்னு தெரியலயே" என்று பேக்கிங் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. மகளிடம் ஒரு மூடியைக் காட்டினேன். "இவ பி செக்‌ஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம், கேட் பக்கம் ஓர் ஆள் வந்து நின்றார். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. நகமெல்லாம் நீலம். உள்ளே வரத் தயங்கிக்கொண்டு நின்றார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி அறைக்கு நானே கூட்டிப்போய், அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடலாம் என்று எழுந்து போனேன்.

"ஏனுங்க, பனியன் பெட்டில எங்க பாப்பா படம் போட்டிருக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமாங்க."

"பனியன் வேண்டாமுங்க. வெறும் பெட்டி ரெண்டு கெடைக்குமுங்களா? ஒண்ணு கொமரலிங்கத்துல எங்க அம்மா ஊட்டுக்குக் குடுத்துவுடோணும்."

ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தச் சிவப்பு வரி அவர் கட்டை விரலுக்குக் கீழே இருந்தது.

"போட்டோ நல்லா விழுந்திருக்குதுங்கல்ல?"

என் மகளை ஏழப்பாப்பா என்று கூப்பிட்டதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லா விழுந்திருக்குங்க" என்றேன்.

உள்ளே போய், ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டியாகப் பார்த்து இன்னொன்றும் எடுத்துவந்து கொடுத்தேன்.