மாமாவின் நாலாம் திசை நட்சத்திரம்

அம்மாவின் தம்பி கடல்தொழிலை விட்டுக் கணிதம் படிக்கப் போனதிலிருந்து அப்பா அவருடன் அளந்துதான் பேசுவார். அந்த மாமா கிறிஸ்து பிறப்பான நத்தார் விடுமுறைக்கு எங்கள் ஊர் அரிப்புக்கு வந்ததும் வராததுமாய், இம்முறை கோயில் வாசலில் தொங்கப்போவது தன்னுடைய நட்சத்திரம்தான் என்று பங்குச் சுவாமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் சாதாரண நட்சத்திரமா? நீளம், அகலம், உயரம் போக நாலாவது திசை ஒன்றும் உள்ளதாம். அதன் நிழலைத்தான் மூங்கில் சிலாகையில் செய்ய முடியுமாம்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரே சந்தோசம்.

மாமா கையெடுக்காமல் மண்ணில் ஐந்துமுனை நட்சத்திரம் கீறினார்.

"கோடு திரும்புற முனைதான் மூலை, பிள்ளை. நடுவில வெட்டுற இடமெல்லாம் மூலையில்லை. சும்மா கடந்து போகுதுகள்."

நாலாம் திசை நட்சத்திரமும் அப்படித்தானாம். ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கு நேராகப் போக நினைக்கும் எறும்பு, நட்சத்திரத்தின் உடம்பை விட்டு வெளியே போய்த்தான் வர வேண்டுமாம். நான் எறும்புக்காகக் கவலைப்பட்டேன்.

மாமா மூலைகளை மட்டும் கட்டினார். தூக்கும்போதெல்லாம் அது பழைய மீன்கூடை போலச் சரிந்தது. நத்தாருக்கு முதல்நாளும் சரிந்தது. சுவாமியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று புலம்பியபடியே மத்தியானம் பாயில் குப்புற விழுந்தார்.

இரவில் கடலுக்குப் போய்வரும் அப்பாவும் வழக்கமாய் அந்நேரம் நித்திரைதான். அவர் படுத்தால் நாங்கள் இருமவும் கூடாது.

பின்னேரம் பார்த்தால் நட்சத்திரம் நிமிர்ந்து நின்றது. சிலாகைகள் குறுக்கிட்ட இடமெல்லாம் வலைநூல் முடிச்சு. பக்கத்தில் சிவந்த கண்களோடு அப்பா.

"ஐயோ அத்தான், இதெல்லாம் மூலையில்லை!"

"மூலையோ இல்லையோ, வாடைக்காத்துக்குத் தெரியுமே?"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எல்லோருமாய்க் கடதாசி ஒட்டி, பொழுதுபடும் முன்னே கோயிலில் ஏற்றிவிட்டோம். காற்று அடித்த அடியில் மற்ற நட்சத்திரக் கூடுகள் கிழிந்து தொங்க, எங்களுடையது மட்டும் ஆடிக்கொண்டே நின்றது.

"ஆர் செய்தது?" என்று கேட்டார் சுவாமி.

"மச்சான்" என்றார் அப்பா.

"அத்தான்" என்றார் மாமா.

கணக்கில் மாமா தோற்றுவிட்டார் என்றுதான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். யாருக்காகவும் நித்திரையை விட்டுக்கொடுக்காத அப்பா, அந்த மத்தியானம் முழுக்க ஏன் விழித்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.