குண்டுவின் வசனம், ஒல்லியின் குரல்

அந்த வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "பாப்பா, அம்மா இருந்தா குடும்மா" என்றுதான். பாப்பாவுக்கு ஐம்பத்துநாலு வயது. மூட்டுவலி வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, தலையில் பாதி வெளுத்துவிட்டது. குரல் மட்டும் எட்டு வயதைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது. சினிமாவில் வாயசைக்கிற பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பதுதான் முப்பத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பு. டப்பிங் தியேட்டரில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் பாப்பாக்கா.

எத்தனை பிள்ளைகளுக்காக அழுதிருக்கிறாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. காய்ச்சலில் பிதற்றியிருக்கிறாள், கிணற்றில் விழுந்து அலறியிருக்கிறாள், முப்பது நாற்பது அப்பாக்களையாவது பறிகொடுத்திருக்கிறாள். மைக் முன்னால் நின்றால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, நிஜமாகவே எட்டு வயதுப் பிள்ளை மாதிரிதான் நிற்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதியவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் அவள் வாயைத் திறந்ததும் அடங்கிவிடுவார்கள்.

அவள் வேலை செய்கிற முறை ஒன்றுதான். படப்பிடிப்பில் பதிவான பிள்ளையின் சொந்தக் குரல் ஹெட்போனில் வரும். அதை இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். வலது காதைத் திறந்து விட்டு, அதில் தன் குரலைக் கேட்டபடி பேசுவாள். பிள்ளை இடது காதில், அவள் வலது காதில். எந்தப் பிள்ளை எப்போது மூச்சு வாங்குகிறது என்பது வரைக்கும் தப்பாது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்த இடது காது மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது கணவர். கண்டுபிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. என்ன சொன்னாலும் பெண்டாட்டி எதிர்த்துப் பேசாமல் இருக்கிறாளே, வயசாக ஆகப் பக்குவம் வந்துவிட்டது என்று மனுஷன் ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தார். அவர் உட்காருகிற நாற்காலி அவளுக்கு இடது பக்கம் என்பது பிறகுதான் உறைத்தது. டாக்டர் சோதித்துவிட்டு, "நரம்பு போயிடுச்சும்மா. இனி திரும்பாது. வலது காது நல்லா இருக்கு, அதைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று முடித்துவிட்டார்.

வேலையிடத்தில் அவள் மூச்சு விடவில்லை. காது கேட்காத டப்பிங்காரியை எவன் கூப்பிடுவான்? ஹெட்போனை வலது காதுக்கு மாற்றி வீட்டில் பேசிப் பார்த்தாள். தன் குரல் தலைக்குள்ளேயே மொத்தென்று கிடந்தது, பிள்ளை வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கழற்றி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து திரையில் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மாட்டிக்கொள்வேன், இன்றைக்கு மாட்டிக்கொள்வேன் என்று பயந்தபடிதான் போய்வந்தாள்.

அப்படி ஒப்பேற்றியதில் ஒன்றுதான் அந்தப் படம். குடும்பத்தோடு பார்க்க வேண்டியது, கைக்குட்டை இல்லாமல் போகக் கூடாது என்று விளம்பரம் செய்யப்பட்ட படம். குண்டு என்று ஒரு பையன், ஒல்லி என்று ஒரு பையன். உயிருக்குயிரான சிநேகிதர்கள். ஒல்லியின் அப்பாவுக்கு வேலை மாற்றம், குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. ஒல்லிக்குப் பேச வேண்டிய சிறுமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், இயக்குநர் "அக்கா, ரெண்டு பேரையும் நீங்களே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார். கனத்த குரலில் குண்டு, மெல்லிய குரலில் ஒல்லி என்று அவளும் சண்டை போட்டுச் சமாதானமாகி, தனக்குத் தானே சிநேகிதியாக நாலு நாளில் பேசி முடித்தாள்.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். கணவரின் அக்கா அவர். விளம்பரப் படத்துக்கே அழக்கூடியவர். இடைவேளைக்குள் ஒரு துண்டு நனைந்துவிட்டது. பாப்பாக்காவுக்கும் மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. புறப்படுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், இரண்டு பையன்களும் தண்ணீர்த் தொட்டியின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாது, உதடு தெரியாது. பிறகு ஒரு குரல் கேட்கிறது: "நீ போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

ஒல்லியின் குரல்.

பாப்பாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போகிறவன் ஒல்லி. அந்த வசனம் தங்குகிற குண்டுவின் வசனம். பேசின அன்று வசனத் தாளில் அந்த வரிக்கு நேரே பெயர் விட்டுப்போயிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இடது காதில் வந்த பையனின் குரல் யாருடையது என்று பிடிபடவில்லை. பார்க்க உதடும் இல்லை. கேட்க வெட்கப்பட்டுக் குத்துமதிப்பாக ஒல்லி என்று பேசித் தொலைத்துவிட்டாள். எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒருவன் உரக்கச் சொன்னான். "டேய், போறதே நீதானடா!"

நாலைந்து வரிசை கொல்லென்று சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். ஆனால் முன்னால் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள், அவள் பக்கத்திலிருந்த பெரிய மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"எப்படிம்மா சொல்லிட்டான் பாரு! சிநேகிதன் மனசுல இருக்கிறத இவன் சொல்றான். அவனால சொல்ல முடியாதுன்னு இவனே சொல்றான்."

"அண்ணி, அது தப்பு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே விழுங்கிவிட்டாள்.

வெளியே வரும்போது படிக்கட்டில் காதை, அதாவது இருக்கிற ஒரு காதை, தீட்டிக்கொண்டு நடந்தாள். "பொழுதன்னிக்கும் அழுகை, பக்கெட் கொண்டு வந்திருக்கணும்" என்றான் ஒருவன். "உனக்கெல்லாம் சிநேகிதனே இருந்திருக்க மாட்டான், போ" என்றாள் கூட வந்தவள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், "போறவனே நீ போயிட்டாங்கிறான், டப்பிங்ல தூங்கிட்டாங்க போல" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். பாப்பாக்கா சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடுத்த நாலு நாள் வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரிய விஷயம். போனை எடுத்தால் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான். ஒரு விமர்சகர் இந்த ஒரு தவறே படத்தின் அக்கறையின்மைக்குச் சாட்சி என்றார். இன்னொருவர், போகிறவன் வாயால் அதைச் சொல்ல வைத்ததுதான் படத்தின் உயிர் என்று கண்கலங்கினார். கீழே ஆயிரம் பேர் அடித்துக்கொண்டார்கள். படிக்கவும் முடியவில்லை, படிக்காமலும் இருக்க முடியவில்லை.

"கிறுக்குப் பிடிச்சிடும். அதைக் கீழ வை" என்றார் கணவர், இப்போதெல்லாம் ஞாபகமாக வலது பக்கம் வந்து நின்று.

"கண்டுபிடிச்சிடுவாங்கங்க. எனக்குக் காது போனது தெரிஞ்சா அதோட முடிஞ்சுது. வேற என்ன தெரியும் எனக்கு?"

அவர் அடுப்படிக்குப் போனார். காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஒலிப்பதிவாளர் கூப்பிட்டார். இருபது வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளைப் பதிவு செய்தவர். "பாப்பாக்கா, டைரக்டர் உங்களப் பாக்கணுங்கிறார். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

போனபோது ஒலிப்பதிவாளரும் கூட இருந்தார். இயக்குநர் எழுந்து நின்று கும்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, எந்தப் பேட்டிக்குப் போனாலும் அந்த வசனத்ததான் கேக்குறாங்க. நான் யோசிச்சு வச்சதுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க, அந்த நேரத்துல வாயில வந்துடுச்சு. எப்படிக்கா தோணுச்சு உங்களுக்கு?"

பாப்பாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு புன்னகை செய்தால் போதும், கண்டம் தாண்டிவிடும். அவள் புன்னகை செய்யவும் ஆரம்பித்துவிட்டாள்.

"அடுத்த படம் பாதி எடுத்தாச்சு. அதுல நாலு பசங்க. நாலும் நீங்கதான். அதே மாதிரி நாலஞ்சு இடத்துல குரலை மாத்தி விடுங்க. எந்த இடம்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எனக்கு முன்னாடியே சொல்ல வேணாம்."

செய்த பிழையை எப்படி உட்கார்ந்து யோசித்துச் செய்வது? அதுவும் நாலு பிள்ளைகள், ஓடும், முதுகைக் காட்டும், ஒரே சமயத்தில் கத்தும். இன்றைக்குத் தப்பித்தாலும் அந்தப் படத்துக்குப் பேசப் போகிற முதல் நாளே குட்டு உடையும். அவளுக்குப் பொய்யைவிட அந்த முதல் நாள்தான் பயமாக இருந்தது.

"சார், எனக்கு ஒண்ணும் தோணல. கேக்கல. இந்தக் காது போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. யார் பேசுறதுன்னு தெரியாம குத்துமதிப்பாப் பேசிட்டேன்."

இயக்குநரின் முகத்தில் முதலில் வந்தது பேட்டிகளைப் பற்றிய கவலை. அதைக் குறை சொல்ல முடியாது, அவரவர் வயிறு அவரவருக்கு. அதற்கப்புறம்தான் அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவாளர்தான் எழுந்தார். "உள்ள போங்க பாப்பாக்கா. வலது காதுல மாட்டுங்க. பையன் குரலோட உங்க குரலையும் சேத்து அனுப்புறேன். ஒரு டேக் பாத்துடலாம்" என்றார்.

உள்ளே போனாள். இடுப்பில் கைவைத்தாள், ஒரு காலை மடக்கினாள். புதிய படத்தின் ஒரு பையன் திரையில் வந்தான், நாய்க்குட்டியைத் தேடி அழைக்கிற பையன். வலது காதில் அவன் குரலும் அவள் குரலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. எது தன்னுடையது என்று சரியாகப் பிடிபடவில்லை. இருட்டில் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினாள். முடித்ததும் பேசியது பிள்ளையா கிழவியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு முகங்கள். ஒலிப்பதிவாளர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் தாடையைத் தேய்த்துக்கொண்டு ஏதோ சொல்ல, ஒலிப்பதிவாளர் தலையாட்டினார். ஆமாம் என்றா, பாவம் என்றா? தியேட்டரில் மீசைக்காரரும் விசிலடித்தவனும் ஒரே சமயத்தில் இருந்தார்களே, அது தேவலாம் போலிருந்தது. இந்தத் தொழிலில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். "சூப்பர்க்கா, போதும்" என்பார்கள். அவ்வளவுதான், அப்புறம் போன் வராது. அந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று கைவிரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இயக்குநரே பொத்தானை அழுத்திப் பேசினார்.

"நல்லாவே இல்லக்கா. 'வாடா'ங்கிறது ரொம்பக் கனமா இருக்கு. இன்னொரு டேக்."

பாப்பாக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வருகிற அழுகைதான். அதை அடக்கத் தெரியாமல் எட்டு வயதுக் குரலில் சத்தமாகச் சொன்னாள்.

"சரி சார், ஓட்டுங்க."