எழுதுற சன்னலும் காட்டுற சன்னலும்

அச்சாபீசுல கம்ப்யூட்டர் தட்டுறவனுக்கு விரலு ஓடுனா மட்டும் பத்தாதுங்க, நெஞ்சும் கெட்டியா இருக்கணும். எண்பதுகளோட கடைசியில எங்க போடி அச்சாபீசுக்கு அந்தப் பொட்டி வந்துச்சு. எழுதுறதுக்கு ஒரு புரோகிராம். எழுதினது தாள்ல எப்படி விழும்னு காட்டுறதுக்குத் தனியா இன்னொன்னு. ரெண்டுக்கும் ரெண்டு சன்னல். நடுவுல மாட்டி முழிச்சவுக உங்கள்லயும் இருப்பாக, கேளுங்க.

காணாமப் போன கல்யாணம்

ஏலக்கா யாவாரி தங்கராசு அண்ணே மக கல்யாணப் பத்திரிக்கை. எழுத்து விழ விழ, பக்கத்துல ஒக்காந்து வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருந்தாரு. "பக்கமாக் காட்டட்டுமாண்ணே?"ன்னு ஒரு பட்டனத் தட்டினேன். காட்டுற சன்னலு ஓரமா வந்து நிக்கக்கூடாதா? போடிமெட்டு ஜீப்புல எடம் பிடிக்கிறவன் மாதிரி இடிச்சுக்கிட்டு முன்னாடி வந்து, எழுதினத பூரா மறச்சுப்புட்டு, வெள்ளையா முழிக்குது. பக்கத்த வரஞ்சு முடிக்க அதுக்கு நேரமாகும். அண்ணே நெஞ்சுல கைய வச்சுட்டாரு.

"ஏப்பா, ஊரு ஊரா அலஞ்சு இப்பத்தான் மாப்ள அமஞ்சாரு, அதுக்குள்ள அழிச்சுப்புட்டியே!"

ஒத்த எழுத்து

மறுநா அண்ணே வெரசா ஓடியாந்தாரு. பொண்ணோட தாய்மாமன், சிலமலைக்காரரு ஒச்சப்பன் பேரு கடைசியில கெடக்குதாம். "மேல தூக்குப்பா. அவரு பாத்தாருன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாரு. தாய்மாமன் மாலை இல்லாம எம் மகள எப்படி மணையில ஒக்கார வைக்கிறது?"

நானும் தட்டுறேன், தட்டுறேன், ஒரு எழுத்தும் விழல. முன்னாடி நிக்கிறது காட்டுற சன்னலு. நான் தட்டுறதெல்லாம் அதுக்குப் போகுது. அது ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தப் பெருசாக்குது. கடைசியில 'மா'ங்கிற ஒத்த எழுத்து தெரை பூரா அடச்சுக்கிச்சு. எங்க மொதலாளி எட்டிப் பாத்து அரண்டுபோயிட்டாரு. மனுசன் மூக்கால பேசுவாரு, நீங்களும் மூக்கப் பிடிச்சுக்கிட்டே படிங்க:

"மாமன் பெரிய ஆளுதான்டா, அதுக்காக ஒத்த எழுத்த ஊரு அகலத்துக்கா காட்டுறது?"

கீழ கெடந்த ஆளு

ஒருவழியா அந்த 'மா'வப் பழையபடி முழுப் பக்கமாச் சுருக்கிட்டு, எழுதுற சன்னலுக்குத் திரும்பி, பேர மேல ஏத்தி, மறுபடி காட்டச் சொன்னேன். ஏற்கெனவே தொறந்திருக்கிற சன்னல்லயே புதுப் பக்கத்தக் காட்டினா ஆகாதா? புதுசா இன்னொன்னத் தொறந்து, அதப் பழசுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுருச்சு. இந்தச் சன்னல்பய வேணாங்கிறப்ப முன்னாடி வந்து நிப்பான், வேணுங்கிறப்ப ஒளிஞ்சுக்குவான். அந்த நேரம் பாத்து ஒச்சப்பனே உள்ள வர்றாரு!

தெரையில நின்னது பழைய பக்கம். விரல வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தவரு, கடைசி வரியில தம் பேரப் பாத்தாரு. மொகம் செவந்துருச்சு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "அக்கா மக கல்யாணத்துல எனக்கு இதுதான் எடமா மச்சான்?"ன்னு வாசலத் தாண்டிட்டாரு. தங்கராசு அண்ணே பின்னாடியே ஓடுறாரு. நான் பழச மூடினேன். அடியில புதுசு இருக்கு, ஆனா நான் எழுதின எடத்தக் காட்டாம ரெண்டாம் பக்கத்தக் காட்டுது! அதத் தள்ளி மொதப் பக்கத்தக் கொண்டாந்து, "மாமா, திரும்பி வந்து பாருங்க!"ன்னு கத்தினேன்.

வந்தாரு. பத்திரிக்கையில மொத ஆளா நிக்கிறது தாய்மாமன் ஒச்சப்பன். திரும்பத் திரும்பப் படிச்சுட்டு மீசையத் தடவினாரு.

"சரி மச்சான், மாலையோட வர்றேன், ஆனா கீழ கெடந்தானே ஒருத்தன், அவனுக்கும் ஒரு பத்திரிக்கை வச்சிருங்க, பாவம், மொறச்சுக்கிட்டுப் போயிருப்பான்!"

எழுதுறவன் கைய எழுத விட்டுட்டு, ஒரே சன்னலா ஓரமா நின்னு, இப்ப எழுதின வரியக் காட்டத் தெரியாத பொட்டிய மேசையில வச்சா, முகூர்த்தத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் மூச்சு நின்னு நின்னுதான் வரும்.